நிறுத்தலாமா என்று கேட்டார்

பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து சில பக்கங்கள் எழுதித் தர வேண்டும் என்று உங்கள் பயிற்சி அதிகாரி கேட்டார். "ஊக்கம் தருகிற மாதிரி இருந்தால் நல்லது, மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் முப்பது வருடங்களுக்கு மேல் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மற்றவர்களின் ஊக்கத்தைக் குறைக்கிற வேலையில் இருந்தவள். அங்கே ஏறாதே, அதிலிருந்து குதிக்காதே, பெல்ட்டை மாட்டு, தொப்பியைப் போடு. ஊக்கம் வேண்டுமென்றால் பாதுகாப்பு வாரத்தில் எல்லோரும் வலது கையை நீட்டி எடுத்துக்கொள்கிறோமே ஒரு உறுதிமொழி, அதைப் படியுங்கள். அதற்குப் பிறகு சமோசாவும் தருவார்கள்.

விதிமுறைகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். பரீட்சை எழுதித்தானே வந்திருக்கிறீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு நாள் காலையில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் நடைமுறைக்குச் சற்றும் பிசகாமல் தவறான பதிலைச் சொன்னேன். ஒரு மனிதர் இறந்துபோனார். எழுதுவதற்கு என்னிடம் இருப்பது இதுதான்.

அப்போது நான் மூன்று இடங்களுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர். சயானில் ஒன்று, மான்குர்தில் ஒன்று, செம்பூரில் ஒன்று. செம்பூரில் ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டியை இடித்துவிட்டு அதே இடத்தில் பல மாடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தோம். குடியிருந்தவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். வாடகை வீடுகளில் இருந்துகொண்டு, வாரம் ஒரு முறை வந்து தகர வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னும் தரைக்கு மேலயே வரலையே" என்று எங்களைக் குத்திக்காட்டிவிட்டுப் போவார்கள்.

தளம் போடுவதற்கு முன்னால் கையெழுத்தாக வேண்டிய ஒரு தாள் உண்டு. எங்கள் ஆட்கள் அதைக் கார்டு என்பார்கள். பலகை, அதைத் தாங்கும் முட்டு, கம்பி, விளிம்புக் கைப்பிடி எல்லாம் சரியாக இருக்கின்றன என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே உள்ள கட்டத்தில் டிக் போட்டு, சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்திட்ட பிறகுதான் காங்கிரீட் விழலாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கார்டில் ஐந்து வரிகள் இருந்தன. நான் அதைப் பதினான்காக்கினேன். மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து நகல் கேட்டு வாங்கிப் போனார்கள். பெருமைப்படவில்லை என்று சொன்னால் பொய்.

அதில் ஏழாவது வரி இப்படி இருந்தது: 'முட்டுகளுக்கு அடியில் தரை கெட்டியாக இருக்கிறது, பலகை வைக்கப்பட்டிருக்கிறது.' எதிரே ஒரு கட்டம். ஒன்பதாவது வரி: 'காங்கிரீட் விழும்போது ஒரு தச்சர் கீழே நின்று முட்டுகளைக் கவனிக்கிறார்.' இது நான் கண்டுபிடித்ததல்ல. சுத்தியலும் கையுமாக ஒருவர் கீழே நின்று முட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. அதற்கு ஒரு வரி எண் கொடுத்து, செய்யாவிட்டால் வேலை தொடங்கக் கூடாது என்று ஆக்கியவள் நான்.

கடைசிக் கையெழுத்து என்னுடையது. காலை நெரிசல் நேரத்தில் கலவை லாரிகளை நகருக்குள் விட மாட்டார்கள் என்பதால், காங்கிரீட் விடிந்ததும் விழத் தொடங்கிவிடும். நான் மாட்டுங்காவில் இருக்கும் வீட்டிலிருந்து மூன்று இடங்களில் எதற்கு முதலில் ஓடுவது? அதனால் சனிக்கிழமை மத்தியானம் அடுத்த வாரத்துக்கு உத்தேசமாக எத்தனை கார்டு வேண்டியிருக்குமோ, அத்தனையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். பதினான்கு கட்டங்களும் காலி. அடியில் பளிச்சென்று என் கையெழுத்து. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை முறைகேடு என்றும் யாரும் நினைக்கவில்லை. வேலை சுமுகமாக நடக்க ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். சரிபார்ப்பவர் சரிபார்ப்பதற்கு ஐந்து நாள் முன்பே சரிபார்த்துவிட்டதாக எழுதித் தருகிற ஏற்பாடு.

செம்பூரில் சென்ட்ரிங் மேஸ்திரி பீர் முகமது. காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் பலகைகளும் முட்டுகளும் அவர் பொறுப்பு. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். ஆட்களோடு இந்தி, என்னோடு அவர் வீட்டுத் திருநெல்வேலித் தமிழ். கார்டு ஆங்கிலத்தில் இருந்ததால் வரிகளை எண்ணாலேயே நினைவில் வைத்திருந்தார். ஏழு என்றால் பலகை, ஒன்பது என்றால் கீழே ஆள், பதினொன்று என்றால் கைப்பிடி.

"உங்க ஆளுவ கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தந்தான மேடம் பாக்காவ?" என்று ஒரு முறை கேட்டார். "ஒரு தளம் போட நீங்க பதினாலு கேக்கீய."

"கல்யாணம் இடிஞ்சு விழுந்தா நான் பதில் சொல்ல வேண்டாம், பீர் பாய்."

"அதுஞ் செரிதான். எங்க வீட்டுல அதுக்கு நாந்தான் பதில் சொல்லுதேன்."

அந்த வாரம் நுழைவாயிலுக்கு மேலே வரும் முகப்புத் தளம் போட வேண்டியிருந்தது. இரண்டு மாடி உயரத்தில் ஒரே விரிப்பு. அதன் ஒரு மூலை, பழைய சொசைட்டியின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்துக்கு மேலே வந்தது. தொட்டியை உடைத்து மண் போட்டு நிரப்பியிருந்தோம். முந்தின நாள் இரவு பருவத்தின் முதல் பெரிய மழை.

காலை ஆறு நாற்பதுக்கு போன் வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன்.

"மேடம், பீரு பேசுதேன். ராத்திரி நல்ல மழ."

"இங்கேயுந்தான். சொல்லுங்க."

"அந்தப் பழைய தொட்டி மூலையில மண்ணு கொஞ்சம் நெகிழ்ந்தாப்ல இருக்கு."

"ஏழாவது வரி என்ன? பலகை வெச்சாச்சா, இல்லையா?"

"அதெல்லாம் வச்சாச்சு. ரெண்டு அடுக்காவே வச்சிருக்கேன். இருந்தாலும் மேல காலு வச்சா லேசா அமுங்குதாப்ல தோணுது."

"அமுங்குதா, தோணுதா?"

அவருக்குப் பின்னால் லாரியின் உருளை சுழலும் சத்தம் கேட்டது.

"தோணுது."

"தோணுறதுக்கு என் கார்டுல கட்டம் இல்லை, பீர் பாய்."

"நிறுத்தலாமா மேடம்? மூணு வண்டி வந்து நிக்குது."

"பலகை வெச்சாச்சுன்னா டிக் போடுங்க. நான் ஒன்பதுக்கெல்லாம் வந்து பார்க்கறேன்."

"செரி மேடம்."

இந்த உரையாடலை நான் எத்தனையோ முறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவ்வளவும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். முந்தின வாரம்தான் மான்குர்தில் கைப்பிடி இல்லை என்று ஒரு வேலையை நிறுத்தியிருந்தேன். மாதக் கூட்டத்தில் ஒருவர், "மேடம் வந்தால் சிமெண்டே பயந்து இறுகிவிடுகிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு முறை நிறுத்துவதற்கு அழுத்தமான காரணம் வேண்டும் என்று அன்றைக்கே மனத்துக்குள் முடிவெடுத்திருக்க வேண்டும். அது அந்தக் காலையில் எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து வந்தது. நெருக்கடியில் நாம் யோசித்து முடிவெடுப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலும் போன வாரமே எடுத்த முடிவைத்தான் வெளியே விடுகிறோம்.

குர்லாவில் வண்டி மாறுவதற்காகப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது சேகரிடமிருந்து போன். சேகர் செம்பூர் வேலையின் மேலாளர். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், செம்பூரிலேயே பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். "மேடம், மூலை இறங்கிடுத்து" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தளத்தின் அந்த மூலை மட்டும் உட்கார்ந்திருந்தது. மற்ற பகுதி மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நின்ற மூன்று பேர் விழுந்து கை கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கீழே லக்கன் இருந்தார். ஜார்க்கண்டிலிருந்து வந்த தச்சர், முப்பது வயது இருக்கும். ஒன்பதாவது வரிப்படி, சுத்தியலோடு முட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவர். தீயணைப்புக்காரர்கள் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், காங்கிரீட் இறுகிவிடக் கூடாது என்பதற்காக. இறுக வைப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இறுகாமல் இருப்பதற்காக இத்தனை பேர் போராடுவதை அன்றுதான் பார்த்தேன். பதினொரு மணிக்கு அவரை எடுத்தார்கள்.

சேகர் என்னை அலுவலக அறைக்குள் அழைத்துப் போனார். மேஜைமேல் அன்றைய கார்டு இருந்தது.

"உக்காருங்கோ மேடம். தண்ணி குடியுங்கோ. கார்டு பக்காவா இருக்கு."

"என்ன பக்கா?"

"பதினாலும் டிக். எல்லார் கையெழுத்தும் இருக்கு. ஏழுலயும் மேஸ்திரி டிக் போட்டிருக்கான். தரை கெட்டியா இருக்குன்னு அவனே எழுதிக் குடுத்த மாதிரிதானே? நாம அதை நம்பினோம். அவ்வளவுதான், கேட்டேளா."

"நான் எப்போ போய்ப் பார்த்தேன்னு கேட்டா?"

"நேத்து சாயங்காலம் பார்த்தேள். அப்போ எல்லாம் சரியா இருந்தது. அப்புறந்தான் மழை. காலம்பற அவன் திருப்பிப் பார்த்திருக்கணும்."

"நேத்து சாயங்காலம் நான் மான்குர்த்ல இருந்தேன், சேகர்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் நீட்டிய டம்ளரிலிருந்து தண்ணீர் கார்டின் ஓரத்தில் சிந்தியது. உடனே கைக்குட்டையை எடுத்துப் பதறிப் பதறி ஒற்றினார். அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து முட்டுகளைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டதில் அவர் சட்டை கிழிந்திருந்தது. பயந்துபோன மனிதர், பயந்தவர்கள் செய்வதைச் செய்தார். கையில் கிடைத்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அந்தக் காகிதத்தை அவ்வளவு வசதியாக வடிவமைத்திருந்தேன்.

அப்போதுதான் ஏழாவது வரியை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். தரை கெட்டியாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. பலகை வைத்தாயிற்றா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கட்டம். பீர் பாய் பலகை வைத்திருந்தார். தரையைச் சந்தேகப்பட்டார். ஒரு கேள்விக்கு ஆம், இன்னொன்றுக்குத் தெரியாது. அதை எங்கே எழுதுவார்? எங்கே எழுதுவது என்று கேட்கத்தான் எனக்கு போன் செய்தார். டிக் போடச் சொன்னேன், போட்டார்.

வெளியே இரும்புக் கம்பிக் கட்டுகளின்மேல் பீர் பாய் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை சிமெண்ட் காய்ந்து வெள்ளையாக இருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"என்கிட்ட போன்ல கேட்டதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல மேடம்."

"ஏன் சொல்லலை?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொன்னா என்ன கேப்பாவ? மண்ணு நெகிழ்ந்துருக்குன்னு ஒனக்கு முன்னமே தெரியும்லா, பொறவு ஏன் ஊத்துனன்னு கேப்பாவ. தெரியாம நடந்துபோச்சுன்னே இருக்கட்டும்."

புதிதாக வந்திருக்கும் நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இதுவரை எனக்கு விஷயம் எளிமையாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்வதா, கார்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதா? இப்போது அப்படி இல்லை. அந்த போனைப் பற்றி நான் வாய் திறந்தால், மேஸ்திரி முன்கூட்டியே சந்தேகப்பட்டார் என்று நானே சாட்சி சொன்னதாகும். என் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ள அவரை இன்னும் ஆழமாக மாட்டிவிடுவேன். திறக்காவிட்டால், தரை கெட்டி என்று பொய் எழுதியவராக அவர் தனியாக ஜெயிலுக்குப் போவார். எந்தப் பக்கம் போனாலும் அவர் போகிறார். நான் போகிறேனா என்பது மட்டும்தான் என் கையில் இருந்தது.

நடுப்பகலில் விசாரணைக்கு என்று அவரை வண்டியில் ஏற்றினார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தத் தலையசைப்பு, கவலைப்படாதீர்கள் என்பதுபோல இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

லக்கனின் உடலை சயானில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கம்பெனி சார்பில் யாராவது போக வேண்டும் என்பது விபத்து நடைமுறையில் ஐந்தாவது அம்சம். அதையும் நான்தான் எழுதியிருந்தேன். பிணவறைக்கு வெளியே அவருடைய அண்ணன் நின்றிருந்தார். அவரும் தச்சர். வேறு இடத்தில் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். இடுப்பில் அளக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கம்பெனி என்றதும் கை குவித்தார். அது எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் அன்று கூசியது.

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. தொழில்காரர் கேட்கிற கேள்வியைக் கேட்டார். மேலே இருந்தவர்கள் காயத்தோடு தப்பிவிட்டார்கள், இவன் மட்டும் ஏன் கீழே இருந்தான்?

முட்டுகளைக் கவனிக்க ஒருவர் நிற்பது வழக்கம் என்றேன்.

"தெரியும், நானும் நிற்பேன். தரை நனைந்திருக்கிற நாளில் பக்கவாட்டில், வெளியே நின்று பார்ப்போம். அடியில் நிற்க மாட்டோம். இவனுக்கும் அது தெரியும். இவனை அடியில் நிற்கச் சொன்னது யார்?"

என் வரியில் 'கீழே' என்று இருந்தது. எவ்வளவு தள்ளி என்று இல்லை. எந்த நாளில் கூடாது என்று இல்லை. கட்டத்தில் டிக் விழ வேண்டுமானால் ஒருவர் கீழே இருந்தாக வேண்டும்.

"நான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் எந்த விளக்கமும் சேர்க்கவில்லை. என் வேலைக் காலத்தில் முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல் நான் சொன்ன வாக்கியங்கள் மிகக் குறைவு. அவர் பிணவறைக் கதவைக் காட்டி, "உள்ளே கையெழுத்துப் போட வேண்டுமாம், எங்கே என்று தெரியவில்லை, கூட வருகிறீர்களா?" என்று கேட்டார். போனேன்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். மாலை ஐந்து மணி இருக்கும். பீர் பாய் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்காமல் எழுதுவது நியாயமில்லை என்று தோன்றியது.

"போன் விஷயத்தைச் சொல்லட்டுமா? நீங்க கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், ரெண்டையும். உங்களுக்கும் அது பாதகமா வரலாம்."

அவர் யோசித்தார். "லக்கன் அண்ணன பாத்தீயளா?"

"பார்த்தேன்."

"என்ன கேட்டாரு?"

"கீழ நிக்கச் சொன்னது யாருன்னு கேட்டார். நான்னு சொன்னேன்."

"அப்படியேவா சொன்னீய?"

"அப்படியேதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேடம், நீங்க நிறுத்துன்னு சொல்லிருந்தா நிறுத்திருப்பேன். அது உள்ளதுதான். ஆனா நீங்க சொல்லாட்டாலும் நாந்தான் நிறுத்திருக்கணும். காலுக்கு அடியில அமுங்குனது எனக்குல்லா? உங்களுக்கு இல்லயே. அதையும் சேத்து எழுதுங்க. ஒண்ண விட்டு ஒண்ணு எழுதாதீய."

இன்ஸ்பெக்டர் கார்டைத் தனக்கு முன்னால் வைத்திருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "பேப்பர் ஏக்தம் சாஃப் ஹை, மேடம்" என்றார். இவ்வளவு சுத்தமான காகிதம் தங்களுக்குக் கிடைப்பதே அபூர்வம், அதை நானே வந்து ஏன் அழுக்காக்க வேண்டும் என்பது அவர் ஆதங்கம். வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுவிட்டு வந்தேனா என்றும் விசாரித்தார். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வீட்டில் நான்தான் பெரியவள் என்றேன்.

வாக்குமூலத்தை நானே எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலிக் கார்டில் கையெழுத்துப் போட்டது, முந்தின மாலை நான் அங்கே இல்லாதது, ஆறு நாற்பது போன், அவர் கேள்வி, என் பதில், ஏழாவது வரியில் இரண்டு கேள்விக்கு ஒரே கட்டம் இருந்தது, ஒன்பதாவது வரி. பீர் பாய் சொன்னதை அவர் சொன்னபடியே. எனக்கு வழக்கமாக அறிக்கை எழுத நிறைய நேரம் பிடிக்கும். யார்மேலும் எதுவும் விழாதபடி வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டும் அல்லவா? அன்றைக்கு அரை மணியில் முடிந்தது.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகப் போட்ட வழக்கில் மூன்று பேர் பெயர் வந்தது: என்னுடையது, பீர் பாயுடையது, சேகருடையது. பீர் பாய் சில நாட்களில் ஜாமீனில் வெளியே வந்தார். தனியாக அவர் பெயர் மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டார் என்று எங்கள் வக்கீல் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரோ என்னவோ. வழக்கு இன்னும் நடக்கிறது. தேதி வரும்போது மூவரும் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வருகிறோம். லக்கனின் அண்ணனும் சில தேதிகளுக்கு வருவார்.

சேகர் நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. கம்பெனியின் உள்விசாரணையில் ஒரு நாள், யாரும் கேட்காமலேயே, "காலிக் கார்டுல மேடம் கையெழுத்து இருக்கிறது எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். சௌகரியமா இருந்தது, அதனால ஒண்ணும் சொல்லலை" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "இப்போ சந்தோஷமா உங்களுக்கு?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கேன்டீனில் எனக்கும் சேர்த்து டீ எடுத்துக்கொண்டு வந்து வைத்தார்.

வேலையைத் திரும்பத் தொடங்க அனுமதி வந்தபோது, சென்ட்ரிங்குக்குப் புது ஆளைப் போடலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். சேகர்தான் மறுத்தார். "புது ஆள் பயப்பட மாட்டான். இவன் பயப்படுவான்" என்றார். அதற்குமேல் விளக்கம் தரவில்லை.

நான் கார்டை மாற்றினேன். ஏழாவது வரி இரண்டானது. ஒன்பதாவது வரியை அடித்தேன். முட்டுகளைக் கவனிப்பவர்கள் தளத்தின் விளிம்புக்கு வெளியே நிற்பார்கள், எந்த நாளாக இருந்தாலும். நான் நேரில் நின்று கையெழுத்திடாமல் கலவை லாரி ஆலையிலிருந்தே கிளம்பாது. அதனால் மூன்று இடங்களில் ஒரே நாளில் காங்கிரீட் விழுவது நின்றுபோயிற்று. தாமதம் ஆகிறது என்றார்கள். ஆமாம், ஆகிறது என்றேன். கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன். அதைக் கார்டில் எழுதவில்லை, ஆட்களைக் கூட்டி வாயால் சொன்னேன். யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கேட்டுவிட்டு நிறுத்த வேண்டாம். காரணம் தெரிந்த பிறகு நிறுத்த வேண்டாம். முதலில் நிறுத்துங்கள்.

"காரணமே இல்லாம நிறுத்தினா?" என்று சேகர் கேட்டார்.

"பார்த்துட்டுத் திருப்பி ஆரம்பிக்கலாம்."

எனக்குத் தெரிந்த ஒரே பாடம் இதுதான். நிறுத்தலாமா என்று ஒருவர் உங்களிடம் கேட்டால், அவர் எதையோ பார்த்துவிட்டார். அது என்னவென்று அவருக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் படிவத்தில் அதற்கு இடம் இல்லாமலும் இருக்கலாம். அவரைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு உங்களுக்கு அன்றைக்கு முழுக்க நேரம் இருக்கிறது, வேலையை நிறுத்திய பிறகு.

அதே முகப்புத் தளத்தை மறுபடி போட்ட நாள். தொட்டி இருந்த மூலையைத் தோண்டி, அடியிலிருந்து காங்கிரீட்டாலேயே நிரப்பியிருந்தோம். விடிவதற்குள் நான் போய்விட்டேன். ஒவ்வொரு முட்டின் அடியிலும் கால் வைத்துப் பார்த்தேன். பீர் பாய் எனக்குப் பின்னாலேயே வந்து அதே முட்டுகளில் அவரும் கால் வைத்துப் பார்த்தார். கையெழுத்திட்டேன். காங்கிரீட் விழத் தொடங்கியது.

பாதித் தளம் ஆனபோது, அந்த மூலையை நோக்கிக் காங்கிரீட் பம்பின் குழாய் திரும்பியது. பீர் பாய் கையைத் தூக்கினார். பம்ப் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். சேகர் அறையிலிருந்து ஓடிவந்தார், வந்து ஒன்றும் கேட்காமல் நின்றார். நானும் இரண்டு என்ஜினியர்களும் முட்டு முட்டாகப் போய்ப் பார்த்தோம். மட்டம் வைத்து அளந்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எதுவும் நகரவில்லை. எதுவும் அமுங்கவில்லை. எல்லாம் அளவெடுத்தது போல நின்றுகொண்டிருந்தன.

பதிவேட்டில், 'நிறுத்தப்பட்டது. பார்வையிடப்பட்டது. குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் வேலைக் காலத்தில் நான் எழுதிய அறிக்கைகளிலேயே இதைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பீர் பாய் சங்கடப்பட்டு நின்றார். "சும்மா நிறுத்திட்டேன் மேடம். என்னமோ மாதிரி இருந்துச்சு. மன்னிச்சுக்கிடுங்க."

"ஏன் நிறுத்தினீங்கன்னு நான் கேட்டேனா, பீர் பாய்?"

"கேக்கல."

"அப்புறம் என்ன? ஆரம்பிங்க."

அவர் கையை இறக்கிக் காட்டினார். பம்ப் மறுபடி உயிர் பெற்றது. தளத்தின் விளிம்புக்கு வெளியே, முட்டுகளைக் கவனிக்க வேண்டிய இரண்டு தச்சர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு, கிடைத்த இடைவெளியில் வாங்கிவந்த டீயை முடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லாததற்கு வேலையை நிறுத்திய மேஸ்திரியைப் பற்றியும், முட்டு முட்டாகப் போய் மண்ணை மிதித்துப் பார்த்த மேடத்தைப் பற்றியும் இந்தியில் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்று, அவர்கள் பேசியதையெல்லாம் கடைசிவரை ஆசை தீரக் கேட்டேன்.